மேலுதட்டு நிழல்

மார்ச் 29, சனி

பேப்பர் டீலர் கொடுத்த டைரி. மூன்று மாதமாகக் கல்யாண ஆர்டர், காதுகுத்து ஆர்டர் எழுதத்தான் பயன்பட்டது. இன்று வீட்டு விஷயம் எழுதத் தோன்றுகிறது.

செண்பகாவுக்கு ப்ளஸ் டூ பரீட்சை முடிந்துவிட்டது. கல்லூரி விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும் என்று காலையில் ஸ்டுடியோவுக்கு வந்தாள். கோவில்பட்டியில் பாதிப் பேரின் முகம் என் கம்ப்யூட்டரில் கிடக்கிறது, சொந்த மகளை ஸ்டூலில் உட்கார வைத்து வருஷக்கணக்காகிறது. இவள் அம்மா கோமதி இறந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாரையும் படம் எடுக்கவில்லை.

இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, முகத்துக்கு ஒரு ஸ்டாப், அதாவது இரட்டிப்பு, வெளிச்சம் கூட்டி எடுத்தேன். கறுத்த முகமா, ஒரு ஸ்டாப் கூட்டு. இந்த ஒரு பாடத்தை வைத்துத்தான் இருபது வருஷமாகப் பெயர் வாங்கியிருக்கிறேன். பிறகு வழக்கமான டச்சிங். நெற்றியில் எண்ணெய் மினுக்கு, கன்னத்தில் ஒரு பரு, மேலுதட்டில் நிழல், எல்லாம் துடைத்தாயிற்று. மச்சத்தை மட்டும் யாருக்கும் தொடமாட்டேன். சர்டிபிகேட்டில் அங்க அடையாளமாக எழுதியிருப்பார்கள்.

பிரிண்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "எப்படி?" என்றேன்.

"நல்லாருக்குப்பா" என்று கவருக்குள் போட்டுக்கொண்டாள்.

மார்ச் 31

ரம்ஜான். நான்கு குடும்ப குரூப் போட்டோ. பிரிண்டரில் சிவப்பு மை தீரப் போகிறது.

ஏப்ரல் 4

இரண்டு மூன்று நாளாகச் செண்பகா வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறாள். சாப்பிடும்போதுகூட இடது கை மேலே போய்விடுகிறது. கோமதியும் சிரிக்கும்போது இப்படித்தான் பொத்துவாள். ரத்தம் அல்லவா! பார்க்கச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சாயங்காலம் தங்கச்சி பேச்சியம்மாள் வந்து சந்தோஷத்தைக் கெடுத்தாள். "அண்ணே, ஒம் மக உதட்டுல முடி எடுக்கணும்னு கேக்கா. கூட்டிட்டுப் போகவா, வேண்டாமா?" என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. எந்தப் பிள்ளையோ கேலி செய்திருக்கிறது. யார் என்று தெரிந்தால் அந்த வீட்டுக்கே போய்க் கேட்டுவிடுவேன்.

"யாரு சொன்னா?" என்று செண்பகாவிடம் கேட்டேன்.

"யாரும் சொல்லலப்பா."

"பெறகு எப்படித் தெரியும் ஒனக்கு?"

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 7

தாயில்லாத பெண்ணை வளர்க்கிறவனுக்குச் சில பேச்சு வரவே வராது. அவளே வந்து ஆரம்பித்தாள். நூல் வைத்து எடுத்தால் மறுபடி மறுபடி எடுக்க வேண்டுமாம். லைட் அடித்து எடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக முளைப்பதே குறைந்துவிடுமாம். அதில் இரண்டு வகை. ஒன்று லேசர், இன்னொன்று ஐ.பி.எல். நான் கிரிக்கெட்டைச் சொல்கிறாள் என்று நினைத்து டிவி பக்கம் திரும்பினேன். அதற்குச் சிரித்தாள். சிரிக்கும்போது கை மேலே போய்விட்டது.

அந்தக் கை கீழே இறங்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம். காலேஜுக்கு ஜூனில் போகும்போது கையை வீசிக்கொண்டு போக வேண்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஸ்டுடியோவுக்கு லீவு. பாளையங்கோட்டையில் தோல் டாக்டர் அம்மாவைப் பார்த்தோம். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்க்கிற ரகம். என்னை விட்டுவிட்டுச் செண்பகாவிடம்தான் பேசினார்.

"எவ்வளவு நாளா இருக்கும்மா?"

"தெரியல டாக்டர். இப்பத்தான் பாத்தேன்."

"இப்பத்தான் வந்துச்சா, இப்பத்தான் பாத்தியா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

ஹார்மோன் கோளாறு ஏதும் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்தார்கள். பிறகு டாக்டர் என்னிடம், "குடும்பத்துல யாருக்காவது இப்படி உண்டா? இவ அம்மாவுக்கு?" என்று கேட்டார். இல்லை என்றேன். கோமதிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற படத்தைப் பார்த்தாலே தெரியும்.

லேசர் என்றால் ஒரே நிறத்து ஒளி, அதில் ஆழமாகப் போகிற வகை ஒன்று இவள் நிறத்துக்குப் பொருந்தும் என்றார். ஆறேழு தடவை வர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி, முதலில் காதோரம் ஒரு புள்ளியில் அடித்துப் பார்த்து அப்புறம்தான் முகம். முழுதும் போய்விடும் என்றும் உறுதி தர மாட்டாராம், குறையுமாம். ஐ.பி.எல். பற்றிக் கேட்டேன்.

"அது எல்லா நெறமும் கலந்த வெளிச்சம். அதுக்கு முடியோட கறுப்பு எது, தோலோட கறுப்பு எதுன்னு தெரியாது. கறுப்பா எது இருந்தாலும் சுடும். செவந்த தோலுக்குப் பரவால்ல. இவளுக்கு நான் சொல்ல மாட்டேன்."

எனக்கே வெளிச்சப் பாடம்!

கிளம்பும்போது டாக்டர் செண்பகாவிடம், "அவசரமே இல்லம்மா. இது வியாதி இல்ல. ஒனக்கு வேணும்னா மட்டும் வா" என்றார். திரும்பும் வழியில் கயத்தாறில் முறுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 15

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது. பின்னே எங்கிருந்து வந்தது இந்த முடி?

ஏப்ரல் 17

ஆறேழு தடவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் என்றால் தீபாவளி தாண்டிவிடும். காலேஜ் ஜூனில். கணக்கு உதைக்கிறது.

ஷீபாவின் பார்லரில் ஐ.பி.எல். மெஷின் வந்திருக்கிறது. ஷீபா மேக்கப் போடுகிற கல்யாணப் பெண்களுக்கு நான்தான் போட்டோ. நான் அனுப்புகிற பெண்களுக்கு அவள் மேக்கப். போய்ப் பார்த்தேன். மெஷினின் கைப்பிடி முனையைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே என்ன இருக்கிறது? கண்ணாடிக் குழாய். என் ஸ்டுடியோ ஃப்ளாஷில் இருக்கிற அதே குழாய்! முன்னால் ஒரு ஃபில்டர் கண்ணாடி. அவ்வளவுதான் சமாச்சாரம். இதற்குப் போய் அந்த டாக்டர் அவ்வளவு பயமுறுத்தினார். லேசர் என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது, கண்ணுக்கு ஆபத்தோ என்னவோ. ஃப்ளாஷ் எனக்குப் பிள்ளை மாதிரி.

"எனக்கு டாக்டர்கிட்டயே போலாம்னு தோணுதுப்பா" என்றாள் செண்பகா.

"ஏன், அப்பாவுக்கு லைட்டு தெரியாதா?" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றுதான் அர்த்தம்.

ஏப்ரல் 19

ஷீபா பார்லரில் முதல் தடவை. முகத்தை மழித்து, குளிர்ந்த ஜெல் தடவி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டு அடித்தாள். எனக்குத் திரைக்கு வெளியே நாற்காலி. ஒவ்வொரு ஃப்ளாஷுக்கும் திரை வெளுத்தது. பழக்கத்தில் "ரெடி, ஸ்மைல்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

வலிக்கிறதா என்று கேட்டேன். ரப்பர் பேண்டை இழுத்துவிட்ட மாதிரி சுரீர் என்றதாம். அவ்வளவுதானாம்.

ஏப்ரல் 30

அட்சய திருதியை. நகைக் கடைக்கு நாள் முழுக்கப் படம். செண்பகாவின் உதட்டில் கொஞ்சம் உதிர்ந்த மாதிரி இருந்தது, திரும்ப முளைத்துவிட்டது. ஷீபா வைத்த அளவு குறைவு என்பது என் அபிப்பிராயம்.

மே 8, வியாழன்

ரிசல்ட். பள்ளியிலேயே இரண்டாவது மார்க்! பேச்சி ஓடி வந்து திருஷ்டி சுற்றிப் போட்டாள். நான் ஸ்டுடியோவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கடலை மிட்டாய் கொடுத்தேன். ஆதார் படம் மாற்ற வந்தவருக்குக்கூட.

பள்ளியிலிருந்து ஃப்ளெக்ஸ் போடப் படம் கேட்டார்கள். மார்ச்சில் எடுத்த படத்தைப் பெரிய அளவில் அனுப்பினேன்.

மே 12

பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். ஆளுயரத்துக்குச் செண்பகா. வெயிலில் அப்படிப் பளிச்சென்று இருக்கிறது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் நின்று இரண்டு டீ குடிக்கிற நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர், "அண்ணாச்சி, ஒங்க மகளா? சினிமாக்காரி மாதிரிலா இருக்கு" என்றார்.

ராத்திரி சாப்பாட்டில் அவளிடம் சொன்னேன். "பாத்தேம்ப்பா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாரும் அத பாத்துருவாங்கல்ல?" என்றாள். பாக்கட்டுமே, அதற்குத்தானே வைத்தது என்றேன். "இல்ல, அத பாத்துட்டு என்னயும் பாப்பாங்கல்ல" என்றாள். எனக்கு விளங்கவில்லை.

மே 17, சனி

இரண்டாம் தடவை. அக்னி நட்சத்திரம் கொளுத்துகிறது. ஒரு வாரமாக விண்ணப்பம் கொடுக்க ஸ்கூட்டியில் அலைந்து முகம் இன்னும் கறுத்திருந்தது. ஷீபா இன்று அளவைக் கூட்டி வைத்தாள். உதடு முடிந்து, கீழே நாடியில் இருந்த முடிக்கு வலது பக்கம் அடித்ததும் செண்பகா கத்தினாள், ஷீபா அதோடு நிறுத்திவிட்டாள். கொஞ்சம் எரிகிறது என்கிறாள். ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

மே 18

கொப்புளம்.

மேலுதட்டில் இரண்டு பக்கமும், நாடியில் வலது பக்கமும். கைப்பிடி முனையின் கண்ணாடி என்ன அளவோ அதே அளவில் கட்டம் கட்டமாகக் கன்றியிருக்கிறது. கற்றாழை வைத்தேன். ஷீபா போனை எடுக்கவில்லை. செண்பகா அழவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மே 19

காலை முதல் பஸ்ஸில் பாளையங்கோட்டை. டாக்டர் அம்மா விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துப் பார்த்தார். களிம்பு எழுதினார். கொப்புளத்தைக் கிள்ளக் கூடாது, வெயில் படக் கூடாது. புண் ஆறிவிடும், கறுப்புத் தடம் மங்க மாதக்கணக்காகும், ஒரு சில இடம் அப்படியே நின்றாலும் நிற்கலாம் என்றார்.

"இவ நெறத்துக்கு இவ்வளவு வச்சது யாரு?"

"அந்தப் பொண்ணு தொழிலுக்குப் புதுசுங்க டாக்டர்" என்றேன்.

செண்பகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கயத்தாறில் முறுக்கு வேண்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டவும் இல்லை.

மே 21

ஷீபா வீட்டுக்கே வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நான் கத்தத் தயாராகத்தான் இருந்தேன். வாசலில் நின்றபடியே, "அண்ணாச்சி, நாங்கூட வேண்டாம்னேன். நீங்க சொன்னீங்கன்னுதானே வச்சேன்" என்றாள்.

உள்ளேயிருந்து செண்பகா, "அக்கா மேல தப்பில்லப்பா" என்றாள். பிறகு வெளியே வந்து எதிரே நின்றாள். "ஒரு ஸ்டாப் கூட்டும்மான்னு சொன்னது நீங்கதானே. திரைக்கு இந்தப் பக்கம் படுத்துருந்தது நாந்தானே. எனக்குக் காது கேக்கும்லா?"

ஆமாம். எழுதிவிடுகிறேன். "கறுத்த முகத்துக்கு இந்த வெளிச்சம் பத்தாது, ஒரு ஸ்டாப் கூட்டும்மா, எனக்குத் தெரியாத லைட்டா" என்று திரைக்கு வெளியே கால் மேல் கால் போட்டுக்கொண்டு நான்தான் சொன்னேன். ஷீபா தயங்கினாள். நான் ஊருக்குப் பெரிய மனுஷன், அவளுக்குக் கல்யாண ஆர்டர் கொடுக்கிறவன். கூட்டிவிட்டாள். படம் எடுப்பதற்கு வெளிச்சம் முகத்தில் பட்டுத் திரும்பி வர வேண்டும். இங்கே பட்ட வெளிச்சம் திரும்பவில்லை, தோலிலேயே தங்கிவிட்டது. டாக்டர் இதைத்தான் தமிழில் சொன்னார். எனக்குத்தான் ஏறவில்லை.

மே 25

கொப்புளம் அமுங்கித் தோல் உரிகிறது. அடியில் கறுத்துக் கிடக்கிறது. வீட்டுக்குள்ளேயே மாஸ்க் போட்டுக்கொண்டு திரிகிறாள். எனக்கு வைத்த குழம்பில் உப்பே இல்லை. சாப்பிட்டேன்.

மே 28

ஃப்ளெக்ஸை எடுக்கச் சொல்லிப் பள்ளியில் கேட்டேன். அடுத்த வருஷ அட்மிஷன் முடிகிற வரை இருக்கட்டுமே, ஊருக்குப் பெருமைதானே என்றார்கள். வீட்டில் வந்து அந்தக் கோபத்தில், "மொதல்ல ஒன்னயக் கேலி பண்ணுனது யாருன்னு சொல்லு. அங்கருந்துதான எல்லாம் ஆரம்பிச்சது" என்றேன்.

மாஸ்கைக் கழற்றினாள். அலமாரியில் இருந்து மார்ச் மாதத்துக் கவரை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"இதுதாம்ப்பா சொன்னுச்சு."

எனக்கு அப்போதும் புரியவில்லை என்றால் நான் எப்பேர்ப்பட்ட மண்டு!

"இத பாக்குற வரைக்கும் எனக்கு மீசை இருக்குன்னே தெரியாதுப்பா. கண்ணாடில எத்தன தடவ பாத்துருப்பேன். முடி இருந்துச்சு, அது பாட்டுக்கு இருந்துச்சு. இதுல இல்லைன்னதும்தான், ஓ, இது இருக்கக் கூடாதது போலன்னு தெரிஞ்சுச்சு. நீங்க மச்சத்த விட்டுட்டீங்க. இத மட்டும் அழிச்சிருந்தீங்க."

வழக்கமாகச் செய்கிறதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எத்தனை வீட்டுப் பெண்கள் என் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றார்களோ! ஒருத்தியும் திரும்பி வந்து என்னிடம் சொன்னதில்லை. நல்லாருக்கு என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். இவளும் அப்படித்தானே சொன்னாள்.

ஜூன் 2

மேல ஈரால் கிராமத்தில் ஒரு வளைகாப்பு. வெளிச்சம் பிடிக்கவே இல்லை. இரண்டு படத்தில் ஆளின் தலை வெட்டுப்பட்டுவிட்டது. என் தொழிலில் இப்படி நடந்ததில்லை.

ஜூன் 6

காலேஜ் அடையாள அட்டைக்குப் புதுப் படம் வேண்டுமாம். செண்பகா என்னிடம் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ராஜபாண்டியின் ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தாள். ராஜபாண்டியே போன் போட்டு, "என்ன அண்ணாச்சி, வீட்டுல சண்டையா?" என்றான். கேமரா ரிப்பேர் என்று சொல்லி வைத்தேன். மனசு விட்டுப் போயிற்று.

சாயங்காலம் அந்தப் படத்தை மேஜையில் என் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ராஜபாண்டி என்னைவிட நன்றாகவே செய்திருந்தான். சூட்டுத் தடம், மீதி இருக்கிற முடி, எல்லாம் மாயம். வழவழவென்று ஒரு பெண்.

"தழும்பு தெரியணும், ஒண்ணும் பண்ணாதீங்கன்னு சொல்லித்தான் உக்காந்தேன். சரிம்மா சரிம்மான்னாரு. கவர்ல போட்டுக் குடுத்துட்டாரு" என்றாள். இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் சேந்து யாரோ ஒருத்திய வளக்கீங்கப்பா."

சிரித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பேச்சி மத்தியானம் மீன் குழம்பு கொண்டு வந்தாள். செண்பகா சாப்பிட்டுக்கொண்டே, "எனக்கு மட்டும் எங்கருந்து வந்துச்சு அத்தை இது? டெஸ்ட்லயும் ஒண்ணுமில்ல" என்றாள்.

"எங்கருந்தா? ஒங்கம்மாட்டருந்துதான். மதினிக்கு நல்லாத் தெரியுமே" என்றாள் பேச்சி, முள்ளை எடுத்தபடி.

நான் இல்லை என்றேன். பேச்சி என்னை விநோதமாகப் பார்த்தாள். "என்ன இல்ல? உதட்டு ரெண்டு ஓரத்துலயும், பெறகு நாடில ரெண்டு பக்கமும் பூனைமுடியா இருக்கும். நான் எத்தன நாள் கேலி பண்ணிருக்கேன். அழிச்சு அழிச்சு ஒனக்கு மறந்துபோச்சாக்கும்."

சோற்றில் கை அப்படியே நின்றுவிட்டது. பதினாலு வருஷம் கூட வாழ்ந்திருக்கிறேன். கண்ணை மூடிக் கோமதியை நினைத்துப் பார்த்தேன். சுவரில் இருக்கிற படம்தான் வந்தது. மறுபடி மூடினேன். மறுபடியும் அதுதான். நான் துடைத்த முகம்.

செண்பகா, "அம்மாவ அப்படியே எடுத்த படம் ஒண்ணு குடுங்கப்பா" என்றாள்.

ஜூன் 9

இல்லை.

ஸ்டுடியோவைத் திறக்காமல் நாள் முழுக்கத் தேடினேன். கல்யாண ஆல்பம்: டச்சிங் நான்தான் செய்தேன், வேறு யாரையும் தொட விடவில்லை. வளைகாப்பு, செண்பகா பிறந்தது, திருச்செந்தூர் போனது, எல்லாம் துடைத்து அதே ஃபைலின் மேலேயே சேவ் பண்ணியிருக்கிறேன். தனியாக ஒரு நகல் வைக்க என்ன கேடு! இடம் அடைக்குமே என்று அன்றைக்குச் சாமர்த்தியம். பழைய நெகட்டிவ் எல்லாம் மழைத்தண்ணி புகுந்து ஒன்றோடொன்று ஒட்டி, என்றோ குப்பைக்குப் போயிற்று. ஆதார் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதில் அவளுக்கு மூக்கே தெரியவில்லை, அப்புறம் அல்லவா மற்றது.

ஊரில் எல்லாருக்கும் படம் எடுத்தவன் வீட்டில், அவன் பெண்டாட்டி முகம் ஒன்றுகூட இல்லை.

தேடும்போது ஒன்று ஞாபகம் வந்தது. கல்யாண ஆல்பம் பைண்டிங் ஆகி வந்த அன்று ஆசையாகக் கொண்டுபோய்க் கோமதியிடம் நீட்டினேன். முதல் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். "யாரு இது? நல்லாருக்காளே" என்றாள். என் தொழிலுக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்து நான் பெருமையாகச் சிரித்தேன். அவளும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. அதற்கு முன்னால் பொத்துவாளா, அன்றிலிருந்துதானா? பேச்சியிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. செண்பகாவுக்கு ரத்தத்தில் வந்த பழக்கம் என்று இந்த டைரியில்தான் சந்தோஷமாக எழுதி வைத்திருக்கிறேன்.

கோமதி, என்னை மன்னித்துவிடு என்று எழுதலாம். எழுதினால் அவள் வந்து படிக்கவா போகிறாள்.

ஜூன் 10

ஒரு அம்மா மகளோடு வந்தார். வரன் பார்க்கப் படம். "தம்பி, அந்த உதட்டுகிட்ட மட்டும் கொஞ்சம்…" என்று அந்த அம்மா ஆரம்பித்தார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஒனக்கு எப்படிம்மா வேணும்?" என்றேன். அது தாயைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. அம்மா சொன்னபடியே செய்து கொடுத்தேன். ஆனால் துடைக்காத படத்தையும் ஒரு பிரிண்ட் போட்டுத் தனிக் கவரில் அந்தப் பெண் கையில் கொடுத்தேன். அதை என்ன செய்வாளோ தெரியாது.

செண்பகாவிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு படம்கூட இல்லை என்று. திட்டுவாள் என்று நினைத்தேன். "அப்படியா" என்றாள். அவ்வளவுதான். ரொம்ப நேரம் அம்மா படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 11, புதன்

காலையில் ஸ்டுடியோ ஷட்டரைத் தூக்கும்போது பின்னாலேயே வந்து நின்றாள். மாஸ்க் இல்லை. பஜார் வழியாக அப்படியே நடந்து வந்திருக்கிறாள். நேராக உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எடுங்கப்பா. காலேஜுக்குக் குடுக்கணும்."

"மாச கடைசிக்குள்ள தடம் இன்னும் கொஞ்சம் மங்கிரும்லா, அப்ப எடுப்போம்."

"இப்ப எடுங்க."

ஸ்டாப் கூட்டவில்லை. முகத்துக்கு என்ன வேண்டுமோ அவ்வளவு வெளிச்சம். கண்ணைக் கேமராவில் வைத்தேன். உதட்டின் மேலே இரண்டு பக்கமும் கறுத்த கட்டம். நாடியில் வலது பக்கம் ஒன்று. அந்த இடத்தில் இனி முளைக்குமோ முளைக்காதோ. கோமதி கொடுத்த இடங்களாகப் பார்த்து நான் சுட வைத்திருக்கிறேன்.

நாடியின் இடது பக்கம் மட்டும் அடி படவில்லை. அங்கே பூனைமுடி திரும்ப முளைத்திருந்தது. பக்கவாட்டு விளக்கில் அது லேசாக மின்னியது. அதைப் பார்த்ததும், தேடாமல், கூப்பிடாமல், கோமதி வந்துவிட்டாள். அடுப்படியில் வேர்த்துப்போய்த் திரும்பிப் பார்க்கிற முகம். வேர்வையில் அந்த முடி நாடியோடு படிந்திருக்கும். எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்!

"எடுத்துட்டீங்களாப்பா?"

கண் மறைத்துவிட்டது. "இரும்மா, ஃபோகஸ் பண்ணுதேன்" என்றேன். அவள் காத்திருந்தாள். இரண்டு கையும் மடியில் கிடந்தன. எடுத்தேன்.

கம்ப்யூட்டரில் படம் விரிந்தபோது என் கை பழக்கத்தில் டச்சிங் பிரஷ் பக்கம் போயிற்று. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்துத் தொடை மேல் வைத்துக்கொண்டேன். பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச்சில் பார்த்த மாதிரியே வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லால்லப்பா" என்றாள். பிறகு, "ஆனா நாந்தான்."

கோமதிக்கு இந்த ஒரு வார்த்தை சொல்ல நான் ஒரு தடவைகூட இடம் கொடுக்கவில்லை.

செண்பகா என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் திரையில் இருந்த தன் நாடியைத் தொட்டுக் காட்டினாள். "அம்மாவுக்கு இந்த எடத்துலயா?"

"ஆமா. அதே எடந்தான்."

"அப்படியே சேவ் பண்ணுங்க" என்றாள்.

பண்ணினேன்.